ஆறு தேன் பெட்டிகளும் பதினோராவது விதியும்

எங்கள் ஏலக்கடையின் விதிப் புத்தகத்தில் பத்து விதிகள் தட்டச்சில் இருக்கும். பதினோராவது மட்டும் கையால் எழுதியது. கையெழுத்து என்னுடையது. 'உயிருள்ள எதையும் அது இருக்கும் இடத்திலேயே வைத்து விற்க வேண்டும்.' அவ்வளவுதான்.

போன மாதம் கடையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் கெட்டிக்காரி. பழைய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். "அங்கிள், நாம ஆடு மாடு விக்கிறதே இல்லையே. இந்தப் பதினொண்ண எடுத்துறலாமா?" என்று கேட்டாள். எடுக்காதே என்றேன். ஏன் என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது.

நான் அந்தக் கடையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்தபோது வயது பத்தொன்பது. செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஆங்கிலப் பள்ளியில் சில வருடம் படித்துவிட்டதால் ரப்பர் பால் வாளி தூக்காமல் தப்பித்தேன். காஜா பேராங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சைக்கிளில் டவுனுக்குப் போய் வந்தேன். முதல் வருடம் பொருள்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டினேன். இரண்டாம் வருடம் பட்டியல் எழுதினேன். மூன்றாம் வருடம் ஏல நாளில் யார் எதை எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் மிஸ்டர் பெரேரா கற்றுக் கொடுத்தது.

மிஸ்டர் பெரேரா உஜோங் பாசிரைச் சேர்ந்த போர்த்துக்கீசிய வம்சத்துக்காரர். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு பட்டனைக்கூடக் கழற்ற மாட்டார். ஏலம் போடுகிறவர் என்றால் தொண்டை கிழியக் கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. ஒரு மர ஸ்டூலில் ஏறி நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பது போலப் பேசுவார். பின்னால் நிற்பவர்களுக்குக் காதில் விழாது. அதனால் அவர்களே முன்னால் வருவார்கள். முன்னால் வந்தவன் விலை கேட்காமல் போக மாட்டான் என்பது அவர் கணக்கு. கையில் சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கும். ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டால் பொருளும் உன்னுடையது, பொருளின் குறையும் உன்னுடையது.

அவர் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். முதல் விதி, பட்டியலில் 'நல்ல' என்ற சொல் வரவே கூடாது. சேர்ந்த புதிதில் 'நல்ல நிலையில் உள்ள தேக்கு அலமாரி' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நன்றாக இருக்கிறேன் என்று அலமாரி உன்னிடம் சொன்னதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எழுதினேன்.

மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏலத்துக்கு முந்தின நாள், வாங்குகிறவர்கள் வந்து பார்த்துப் போகிற பார்வை நாளன்று, எல்லாப் பொருளும் வீட்டின் முன்பக்கத்தில், நம்பர் வரிசைப்படி நிற்க வேண்டும். வரிசை என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். ஒன்றாம் நம்பரிலிருந்து கடைசி நம்பர்வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் தடுக்காது என்று பீற்றிக்கொள்வேன். ஐந்தாவது விதி, பார்வை முடிந்த பிறகு சுத்தியல் தட்டும்வரை யாரும் பொருளைத் தொடக் கூடாது. தொட வேண்டுமானால் மிஸ்டர் பெரேராவே சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஏலத்திலும் ஸ்டூலில் ஏறுவதற்கு முன் என் பக்கம் திரும்பி, "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார். ஒரு தடவை, தையல் மிஷின் மேசையின் கால் விரிசல் விட்டிருக்கிறது என்றேன். அதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னார். விலை இறங்கிவிட்டது. மேசையின் சொந்தக்காரர் ஏலம் முடிந்ததும் வந்து சத்தம் போட்டார். "உங்கள் மேசையின் காலை நான் உடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ்டர் பெரேரா தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மெர்டேகா என்ற சுதந்திரம் வந்த வருடம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு பங்களாவில் ஏலம் நடக்கும். பியானோ, மீன் தட்டு, நாய்க்கூடு, கொசுவலை என்று எல்லாவற்றையும் எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போய்விட்டது. அடுத்த மாதத்திலிருந்து உன்னைத் தலைமைக் கிராணியாக்கப் போகிறேன் என்று மிஸ்டர் பெரேரா சொல்லியிருந்தார். கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. தரையில் கால் பாவாத காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் காஜா பேராங் ரோட்டுக் கடைசியில் இருந்த பங்களா ஏலத்துக்கு வந்தது. துரையும் துரைசானியும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறப் போய்விட்டார்கள். பின்பக்கம், ஒரு ஜம்பு மரத்தடியில், ஆறு தேன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மரத் தாங்கியின் மேல் உட்கார்ந்திருந்தது. எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் கால்கள் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் டின்களில் நின்றன. பெட்டிகளை வாங்கியது துரைசானி. ஏழு வருடம் பார்த்துக்கொண்டது மாணிக்கம்.

மாணிக்கம் அந்த வீட்டின் கெபுன், அதாவது தோட்டக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் பங்களாவின் பின்னால் இருந்த குச்சு வீட்டில் இருந்தார். மாதக் கடைசிக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். நான் பட்டியல் எழுதப் போன அன்று என் பின்னாலேயே வந்தார்.

"கிராணி, இந்த ஆறையும் எழுதுறீங்களா?"

"எழுதித்தான் ஆகணும். தொரை குடுத்த லிஸ்ட்ல இருக்கு."

"தொரைசானி இதெல்லாம் எனக்குன்னு வாயால சொன்னாங்க. காயிதம் ஒண்ணும் குடுக்கல."

"காயிதம் இல்லாட்டி எங்க சார் ஒத்துக்க மாட்டாரு, மாணிக்கம்."

"அதும் சரிதான் லா. அப்ப ஏலத்துலதான் எடுக்கணும்."

அவர் யோசித்து வைத்திருந்தார். செங்கில் மச்சானுக்குத் தென்னை நிற்கிற நிலம் கொஞ்சம் இருக்கிறது. பெட்டிகளை அங்கே வைப்பார். துரைசானியிடம் மிஞ்சிய தேனை வாங்கிக்கொண்டிருந்த சீன மருந்துக் கடைக்காரர் இனி இவரிடமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "பெட்டி இருந்தா பொழச்சுக்குவேன். இல்லாட்டி திரும்பக் கித்தா காட்டுக்குப் பால் வாளி தூக்கிட்டுப் போகணும். ரெண்டு புள்ளைங்களையும் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைச் சொல்வது போலச் சொன்னார்.

பட்டியலுக்காக மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பழைய தேன் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் மூக்கு. மூடியைத் தூக்கியதும் மெழுகும் தேனும் கலந்த வாசனை வர வேண்டும்; புளித்த வாடை வந்தால் உள்ளே புழு நோய். அடுத்து அடையின் ஓரம். சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் மெழுகுப் பூச்சி குடியேறிவிட்டது. அடை கட்டியிருக்கும் அந்த மரச் சட்டத்தைக் கொளுத்துவதுதான் வழி. சட்டங்கள் எல்லாம் ஒரே அளவா, ஒரு பெட்டியின் சட்டம் இன்னொன்றில் பொருந்துமா என்று மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் பெட்டியைச் சாய்த்து அடிப்பலகையைத் தட்ட வேண்டும். சத்தம் பொத்தென்று வந்தால் கறையான். ஆறு பெட்டிகளும் இந்த நாலிலும் தேறின. தேனீக்கள் அவர் கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் பத்தடி தள்ளி நின்று எழுதிக்கொண்டேன்.

பட்டியலைப் பார்த்த மிஸ்டர் பெரேரா 'தேனீக்களுடன் கூடிய பெட்டி' என்பதை அடித்தார். "எத்தனை ஈ?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாததை எழுதாதே." கடைசியில் 61 முதல் 66 வரை 'தேன் பெட்டி ஒன்று, உள்ளே இருப்பதோடு' என்று எழுதினோம். அறுபதாம் நம்பர், புகைப்பான், முகவலை, அடை சீவும் கத்தி, கையால் சுற்றும் தேன் இயந்திரம், உபரிச் சட்டங்கள்.

வியாழக்கிழமை மாணிக்கம் செங்குக்குப் போய்விட்டார். அங்கே தாங்கிகள் நட்டுவிட்டு சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பார்வை நாள். விடிந்தும் விடியாததுமாகக் கடையாள்கள் இரண்டு பேரோடு நான் பங்களாவுக்குப் போனேன். மற்ற சாமான்கள் எல்லாம் முன்வாசலுக்கு வந்துவிட்டன. தேன் பெட்டி ஆறும் பின்னால் கிடக்க, 60க்குப் பிறகு என் வரிசையில் பல்லு விழுந்தது போல ஓர் ஓட்டை. எனக்கு அது பொறுக்கவில்லை. பெட்டி வாசல்களைத் துணியால் அடைத்து, ஒவ்வொன்றாக மெதுவாகத் தூக்கிவந்து, போர்ட்டிகோவில் பெஞ்சுகளின் மேல் வைத்து, நம்பர் சீட்டைத் தொங்கவிட்டு, துணியை எடுத்தோம். ஒருவருக்கும் ஒரு கடி இல்லை. எட்டு மணிக்கெல்லாம் ஈக்கள் ஜோராகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்களிடம், "தள்ளி நின்று பாருங்கள்" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சமையலறைக் கதவைப் பூட்டப் பின்னால் போனபோது, வெறும் தாங்கிகளைச் சுற்றி ஈக்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஜம்பு மரக் கிளையிலும் ஒரு கொத்து. டின்னில் இருக்கும் தண்ணீருக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை எந்த ஈ குடிக்கும் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை எட்டரைக்கு மாணிக்கம் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கியவர் போர்ட்டிகோவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு தூக்குனது?"

"நாங்கதான். நேத்து வெள்ளன. ஒரு கடி இல்ல, தெரியுமா."

சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினார். நானும் போனேன். கிளையில் நேற்றுப் பார்த்த கொத்து இப்போது சின்னப் பலாக்காய் அளவுக்கு இருந்தது. தாங்கிகளின் மேலேயும் ஈ அப்பிக் கிடந்தது.

"கிராணி, ஈக்குப் பெட்டி தெரியாது. எடந்தான் தெரியும். மைல் கணக்குல தூரம் கொண்டுபோனா புது எடத்தப் பழகிக்கும், இப்படிப் பக்கத்துல நகர்த்துனா பழகாது. வெளிய போனதெல்லாம் பழைய எடத்துக்கே திரும்பி வந்திருக்கு. அங்க பெட்டிக்குள்ள ராணியும் குஞ்சு ஈயுந்தான் இருக்கும். வேலைக்குப் போற ஈ அம்புட்டும் இங்க நிக்குது."

"இப்ப திருப்பி வச்சா?" என்றேன்.

"வச்சா உள்ள போயிரும். இப்பவே வைக்கணும். விட்டா பெட்டி பலவீனப்பட்டு உள்ள இருக்கிறதும் கெளம்பிரும்."

"பார்வை முடிஞ்சிருச்சு. இனிமே சார் சொல்லாம தொட முடியாது."

"அப்ப சார்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

மிஸ்டர் பெரேரா ஒன்பதரைக்குக் காடியில், அதாவது அவருடைய காரில், வந்து இறங்கினார். சாமான் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். தேன் பெட்டிகளின் முன் நின்று, "சுத்தமான வேலை" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது வருடத்துக்கு ஒரு முறை. அந்த நேரம் பார்த்தா வர வேண்டும். பத்து மணிக்கு ஸ்டூலின் மேல் ஒரு காலை வைத்து, என் பக்கம் திரும்பி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமும் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவுமில்லை. தலைமைக் கிராணி வேலை போய்விடும் என்று பயந்தேன். முட்டாள் என்ற பெயர் வாங்க வெட்கப்பட்டேன். ஏலம் முடிந்த பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறுபதாம் நம்பருக்கு மாணிக்கத்தைத் தவிர யாரும் கேட்கவில்லை. புகைப்பானும் இயந்திரமும் அவருக்கு மலிவாகக் கிடைத்தன. அறுபத்தொன்று வந்ததும் இன்னொரு கை எழுந்தது. குருபோங்கில் பழத்தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே லிம். தோட்டத்தில் தேன் பெட்டி வைத்தால் ரம்புத்தான் நன்றாகக் காய்க்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாணிக்கம் விலை கேட்கும் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். நான் சாரிடம் சொல்லியிருப்பேன், சார்தான் அதை ஒதுக்கிவிட்டார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவரே கூட்டத்தில் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். வாங்க வந்தவன் பொருளைக் குறை சொன்னால் விலையை இறக்கத்தான் சொல்கிறான் என்பார்கள். அதுவும் ஒரு கெபுன் சொன்னால்.

61, 62, 63 மாணிக்கத்துக்கு. அதற்குள் அவர் மடியில் இருந்தது தீர்ந்துவிட்டது. 64, 65, 66 தவுக்கேவுக்கு. தவுக்கே நண்பகலிலேயே லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வெளியே மேயப் போயிருந்த ஈக்கள் எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன.

பொழுது சாய்கிற நேரத்தில் நானும் மாணிக்கமும் அவருடைய மூன்று பெட்டிகளைப் பழைய தாங்கிகளில் கொண்டுபோய் வைத்தோம். கொஞ்சம் புகை காட்டினார். கிளையில் தொங்கியவை, தாங்கியில் அப்பியிருந்தவை எல்லாம் மூன்று வாசல்களிலும் இறங்கி உள்ளே போயின.

"ஆறு பெட்டி ஈ மூணுக்குள்ள போவுது" என்றார்.

"சண்ட போடாதா?"

"வீடு இல்லாம நிக்கிற ஈ சண்ட போடாது." புகைப்பானைக் கீழே வைத்துவிட்டு, "சார்கிட்ட சொன்னீங்கதானே?" என்று கேட்டார்.

நான் சைக்கிளின் பூட்டைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தவுக்கே லிம் கடைக்கு வந்தார். கையில் ஒரு சிகரெட் டின். அதைத் திறந்து மிஸ்டர் பெரேராவின் மேசையில் வைத்தார். உள்ளே செத்த ஈக்கள் கொஞ்சம். ஒரு பெட்டி முழுக்கக் காலியாகிவிட்டது, மற்ற இரண்டிலும் கைப்பிடி ஈதான் இருக்கிறது என்று மலாயில் சொன்னார். கோபமே இல்லை. "வெள்ளிக்கிழம பார்த்தப்ப நெறைய பறந்துச்சே" என்று மட்டும் கேட்டார்.

மிஸ்டர் பெரேரா பட்டியலைத் திருப்பி, 'உள்ளே இருப்பதோடு' என்ற வரியில் விரலை வைத்தார். தவுக்கே வருடக்கணக்காக எங்களிடம் வாங்குகிறவர். சுத்தியல் தட்டினால் தட்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு, டின்னை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாசலைத் தாண்டிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. வேறொன்றும் மனதில் ஓடியது. இப்போது உண்மையைச் சொன்னால், தவுக்கேவின் ஈ மாணிக்கத்தின் பெட்டியில் இருக்கிறது என்பதும் வெளியே வரும். அதைத் திருப்பிக் கொடு என்பார்கள். சனிக்கிழமை சொல்லியிருந்தால் மாணிக்கத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். இன்று சொன்னால் அவர் பிழைப்பில் மண் விழும். மாணிக்கத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் என்னை உறுத்தியது.

"சார், ஈ போனதுக்குக் காரணம் நான்" என்றேன்.

தவுக்கே வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை தூக்கியது, சனிக்கிழமை மாணிக்கம் சொன்னது, ஜம்பு மரக் கிளை, சாயங்காலம் நடந்தது எல்லாம். மிஸ்டர் பெரேரா பேனாவை மூடி மேசையில் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"சனிக்கிழமை நான் உன்னிடம் என்ன கேட்டேன்?"

"சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று."

"நீ இல்லை என்றாய். அந்த 'இல்லை'யின் மேல்தான் நான் ஏறி நின்றேன். ஸ்டூலின் மேல் அல்ல."

மிஸ்டர் பெரேரா, தவுக்கே, நான் மூன்று பேரும் அவர் காடியில் காஜா பேராங்குக்குப் போனோம். மாணிக்கம் பெட்டிகளின் முன்னால் வந்து நின்றார். எதற்கு வந்திருக்கிறோம் என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. மூன்று வாசல்களிலும் ஈ மொய்த்துக்கொண்டு போவதையும் வருவதையும் தவுக்கே குனிந்து பார்த்தார்.

"என் ஈ இதுலதான் இருக்கு" என்றார் மலாயில்.

"இருக்கு, தவுக்கே" என்றார் மாணிக்கமும் மலாயில். "எது ஒங்களுதுன்னு காட்டுங்க, குடுத்துர்றேன்." பிறகு என்னிடம் தமிழில், "பிரிக்க முடியாது கிராணி. அடையப் பிச்சு எடுத்தா மூணும் செத்துரும். வேணும்னா மூணு பெட்டியையும் அப்படியே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. பாதியாக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். அவர் மனைவி பெரிய பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு குச்சு வீட்டு வாசலில் நின்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

மிஸ்டர் பெரேரா ஈக்களை ஒரு முறை பார்த்தார். கோட்டின் மேல் பட்டனைக் கழற்றினார். நான் அதை அன்றுதான் பார்த்தேன். "சுத்தியல் தட்டியபோது பெட்டிக்கு வெளியே இருந்த ஈயை நான் விற்கவில்லை. அது எங்கே போனதோ அங்கேயே இருக்கட்டும்" என்றார். "ஆனால் என் கடை செய்த தவறைத் தவுக்கே தலையில் கட்ட மாட்டேன். 64, 65, 66 விற்பனை செல்லாது. அவர் கொடுத்தது அவருக்கே திரும்பும்."

தவுக்கே ஒத்துக்கொண்டார். மாணிக்கம் தாங்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் மிஸ்டர் பெரேரா விதிப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான் பதினோராவது விதி. தலைமைக் கிராணி வேலை அடுத்த மாதம் வரவில்லை. வர இரண்டு வருடம் ஆனது. கல்யாணத்தையும் அதற்கு ஏற்றபடி தள்ளிப் போட்டோம்.

திரும்பி வந்த மூன்று பெட்டிகளையும் மறுபடி விற்க வேண்டும். புது விதிப்படி அவை இருக்கும் இடத்திலேயே விற்க வேண்டும். அதனால் அடுத்த சனிக்கிழமை குருபோங்கில், தவுக்கேவின் ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே, மூன்று பெட்டிக்காக ஓர் ஏலம் போட்டோம். வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். அதில் பாதிப் பேர் தவுக்கே கொடுத்த கோப்பிக்காக வந்தவர்கள். மிஸ்டர் பெரேரா ஸ்டூலில் ஒரு காலை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"அவர்களிடம் சொல்."

மலாயிலும் தமிழிலும் சொன்னேன். பெட்டிகளை இடம் மாற்றியது நான். ஈ போனது அதனால். ஒரு பெட்டி காலி, இரண்டில் ராணி இருக்கிறது, ஈ குறைவு. தெரிந்தும் போன வாரம் நான் சொல்லவில்லை. ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாணிக்கம் மட்டும் விலை கேட்டார். மூன்றும் ஏறக்குறையச் சும்மா கிடைத்தது போலத்தான். தவுக்கேவே தன் லோரியில் செங்குக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். பெட்டி வாசலுக்குக் கம்பி வலை அடித்துக்கொண்டிருந்த மாணிக்கத்திடம் போய், "மன்னிச்சிருங்க" என்றேன். ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஆறும் இந்த வெலைக்கு எனக்கு வந்திருக்கும். ஈயோட வந்திருக்கும்."

திட்டாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். மறுபடி ஆணி அடிக்கத் தொடங்கினார்.

இரண்டு பெட்டிகளில் ஒன்று தேறியது. மற்றதில் மெழுகுப் பூச்சி விழுந்து, சட்டங்களைக் கொளுத்தும்படி ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனாலும் மாணிக்கம் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். வருடா வருடம் தேன் எடுத்ததும் ஒரு போத்தலோடு கடைக்கு வருவார். என் மேசையைத் தாண்டிப் போய் மிஸ்டர் பெரேராவின் மேசையில் வைப்பார். திரும்பும்போது, "வரேன் கிராணி" என்பார். எனக்கென்று ஒரு போத்தல் வந்ததில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் தெரிந்திருந்தது.

மிஸ்டர் பெரேரா ஓய்வு பெற்றபோது ஏலம் போடும் உரிமம் என் பெயருக்கு வந்தது. என் முதல் ஏலம் டவுனிலேயே, மூடப்போகிற ஒரு தங்கும் விடுதியின் சாமான்கள். மாணிக்கம் முன்வரிசையில் நின்றார். பழைய மர அலமாரிகளை வாங்கிப் பெட்டி செய்யலாம் என்று வந்திருந்தார். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் புது வெள்ளைச் சட்டையோடு, சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்டூலில் ஒரு காலை வைத்தேன். பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பினேன். என்னைக் கேட்பதற்கு அங்கே மிஸ்டர் பெரேரா இல்லை. என் கிராணி புதியவர். அவருக்கு அந்த வழக்கம் தெரியாது.

மாணிக்கம் ஓரடி முன்னால் வந்தார்.

"கிராணி, சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டாம் நம்பர் சுவர்க் கடிகாரம் இருந்தது. மணி அடிக்கும், ஆனால் முள் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். காலையில் அதைச் சாவி கொடுத்துப் பார்த்தவன் நான்தான். சின்ன விஷயம், யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

ஸ்டூலிலிருந்து காலை எடுத்தேன்.

"இருக்கு" என்றேன்.